ஸ்கேன் காட்டுவது ஊழையா?

கால்சியம் ஸ்கேன் எடுக்க அதிக நேரம் ஆவதில்லை. மார்பில் ஈசிஜி ஒயர்களை ஒட்டி, மேசையில் படுக்கவைத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். ஊசி கிடையாது, சாய மருந்து கிடையாது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் தளர்ந்திருக்கும் நேரம் பார்த்து சிடி இயந்திரம் அதை மெல்லிய அடுக்குகளாகப் படம் பிடித்துவிடுகிறது. சாம்பல் நிறத்தில் தெரியும் இதயத்தின் மேல், தமனி ஓடும் தடத்தில் எங்காவது வெள்ளையாகப் பளிச்சிட்டால் அது சுண்ணாம்பு; பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிந்து, அழற்சி கண்டு, ஆறி, மறுபடியும் படிந்த இடம். அந்த வெள்ளைத் திட்டுகளின் பரப்பையும் அடர்த்தியையும் கணக்கிட்டு மென்பொருள் ஓர் எண்ணைத் தருகிறது. பூஜ்யமாக இருக்கலாம், 40 ஆக இருக்கலாம், 400 ஆகவும் இருக்கலாம். அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்ப்பவரும் அவர் வீட்டாரும் அதைப் பெரும்பாலும் ஒரு கெடுவாகவே படிக்கிறார்கள். எத்தனை சதவீதம் அடைப்பு, இன்னும் எத்தனை வருடம் தாங்கும், ஆபரேஷன் எப்போது என்று கேட்கிறார்கள். கேட்பது மருத்துவரிடம்தான் என்றாலும், மருத்துவம் மட்டும் பதில் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வி இல்லை இது. நாளை நடக்கப்போவது இன்றே என் உடம்புக்குள் முடிவாகிவிட்டதா? முடிவாகிவிட்டது என்றால் நான் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

நமக்கு இது பழைய கேள்வி. புத்தர் காலத்தில் வாழ்ந்த மக்கலி கோசாலர், உயிர்களின் இன்பமும் துன்பமும் அளந்து வைக்கப்பட்டவை, முயற்சியால் அவற்றைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது என்று போதித்தார். எறிந்த நூலுருண்டை நூல் தீரும்வரை தானே உருண்டு அவிழ்வதுபோல ஒவ்வோர் உயிரும் தன் கணக்குத் தீரும்வரை ஓடி முடியும் என்பது அவர் சொன்னதாகப் பௌத்த நூல்கள் தரும் உவமை. அவர் வழிவந்த ஆசீவகர்கள் தமிழ்நாட்டிலும் இருந்தார்கள். மணிமேகலை சமயக் கணக்கர்களின் வாதங்களைக் கேட்கும் காதையில் ஆசீவகரும் பேசுகிறார். நீலகேசி அவர்களோடு வாதாடவே ஒரு சருக்கத்தை ஒதுக்கியிருக்கிறது. எதிரணியினர் எழுதிய நூல்கள் வழியாகவே அவர்களைப் பெரும்பாலும் அறிகிறோம் என்பதால் கோசாலருக்கு நாம் நியாயம் செய்கிறோமா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. ஆனால் அவர் பேரில் வழங்கும் கருத்து செத்துப்போகவில்லை. இன்று அது ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்திருப்பவரின் மனதில் உயிரோடு இருக்கிறது. உள்ளே உருண்டை உருண்டுகொண்டிருக்கிறது, நூல் எவ்வளவு மிச்சம் என்று இயந்திரம் சொல்லிவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்கிறார். தமனியின் படம் அப்படியொரு நியதியைக் காட்டவில்லை என்பதே என் வாதம். அது நேற்றைத் தெளிவாகக் காட்டுகிறது. நாளையைப் பற்றி நிபந்தனையோடு மட்டுமே பேசுகிறது. அந்த நிபந்தனையில் பெரும்பங்கு, படம் பார்த்தபின் மனிதர்கள் செய்யும் செயல். இதற்கான ஆதாரத்தைத் தத்துவ நூல்களில் தேடுவதற்கு முன்னால் ஸ்கேன் ஆராய்ச்சியிலேயே தேடலாம், கிடைக்கிறது.

முதலில் படத்துக்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். 1990 இல் ஆர்தர் அகாட்ஸ்டனும் அவருடைய சகாக்களும் மயாமியில் வகுத்த கணக்குமுறைதான் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. 130 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகும் அதற்கு மேலும் அடர்த்தியுள்ள திட்டைச் சுண்ணாம்பு என்று எடுத்துக்கொண்டு, அதன் பரப்பை அடர்த்திக்கேற்ப ஒன்று முதல் நான்கு வரையிலான எண்ணால் பெருக்குவார்கள். எளிய கணக்கு. ஆனால் அது சொன்னது பலித்தது. அமெரிக்காவில் 2000 இல் தொடங்கிய மீசா என்ற ஆய்வு, இதய நோய் எதுவும் வெளிப்பட்டிராத, 45 முதல் 84 வயது வரையிலான 6,814 பேரைச் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. 2008 இல் வெளியான அதன் முடிவுகளின்படி, பூஜ்யம் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் 101 முதல் 300 வரை பெற்றவர்களுக்கு இதயத் தமனி நோய் தாக்கும் அபாயம் ஏழு மடங்குக்கும் மேல். 300 ஐத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் நின்ற வித்தியாசம் இது. ஆகவே இந்த எண் வெறும் பயமுறுத்தல் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமனிச் சுவர் பொய் சொல்வதில்லை. ஒருவர் தன் உணவைப் பற்றியும் நடைப்பயிற்சியைப் பற்றியும் என்ன சொன்னாலும், ஐம்பது வருடம் அந்தச் சுவர் எதைத் தாங்கியது என்பது அங்கே பதிவாகியிருக்கிறது.

ஆனால் பதிவு வேறு, நடக்கப்போவது வேறு. இதைக் கற்றுக்கொள்ள இதய மருத்துவத்துக்கே பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆஞ்சியோகிராம் ரத்தம் ஓடும் வழியின் நிழலை மட்டும் காட்டும், சுவரைக் காட்டாது. 1987 இல் சேமூர் க்ளாகோவும் அவருடைய குழுவும் இறந்தவர்களின் இதயத் தமனிகளை ஆராய்ந்து, படிவு வளர வளரத் தமனி வெளிப்புறமாக விரிந்து இடம் கொடுக்கிறது என்று காட்டினார்கள். படிவு சுமார் 40 சதவீதத்தை எட்டும்வரை ரத்தத்தின் பாதை குறுகுவதே இல்லை. அதுவரை ஆஞ்சியோகிராமில் குழாய் சுத்தமாகத் தெரியும். மாரடைப்பு எப்போதும் பெரிய அடைப்பிலிருந்து வருகிறது என்ற நினைப்பும் பிறகு ஆட்டம் கண்டது. பாதிக்கும் குறைவாக அடைத்திருந்த இடத்திலேயே படிவின் மேல்தோல் கிழிந்து, ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் வழி முழுவதும் மூடிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. எத்தனை சதவீதம் அடைப்பு என்ற வீட்டாரின் கேள்விக்குச் சரியான விடை கிடைத்தாலும், அவர்கள் உண்மையில் அறிய விரும்புவது அதில் இல்லை. எது கிழியும், எப்போது கிழியும் என்பதை அல்லவா அறிய வேண்டும்?

அதையும் பார்க்க முயன்றார்கள். 2011 இல் வெளியான ப்ராஸ்பெக்ட் ஆய்வு இந்தத் துறையின் மிக நேர்மையான வேலைகளில் ஒன்று என்று நினைக்கிறேன். மாரடைப்போ அதற்கு நெருக்கமான நிலையோ வந்து சிகிச்சை பெற்ற 697 பேரின் மூன்று இதயத் தமனிகளுக்குள்ளும் அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, சுவரை உள்ளிருந்தே படம் எடுத்தார்கள். கிழிவதற்கு மிகவும் வாய்ப்புள்ளது என்று நோயியல் வல்லுநர்கள் அடையாளம் சொன்ன வகை ஒன்று உண்டு: நடுவில் கொழகொழவென்று கொழுப்பு, மேலே மெல்லிய தோல். அப்படிப்பட்டவை என்று 595 இடங்களைக் குறித்துவைத்துவிட்டு மூன்று வருடங்களுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். அவற்றில் பிரச்சினை கொடுத்தவை 26. மெல்லிய தோலோடு, பெரிய படிவும் குறுகிய பாதையும் ஆகிய மூன்று அடையாளங்களும் ஒன்றுசேர்ந்த இடங்களில்கூட அந்தக் காலத்துக்குள் ஏறக்குறைய 18 சதவீதமே தொல்லை தந்தன. ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சும்மா இருந்தன. ரத்தக்குழாய்க்குள்ளேயே போய், ஆபத்தானது என்று நாம் அறிந்த எல்லா முகவரியையும் எழுதிக்கொண்டு வந்த பிறகும் நிலைமை இது. கிழிந்த படிவுகள் பல, ஆளுக்கே தெரியாமல் ஆறியும்போகின்றன. திடீரென இறந்தவர்களின் தமனிகளை அறுத்துப் பார்த்தவர்கள், ஒரே இடத்தில் பலமுறை கிழிந்து ஆறிய அடுக்குகளைக் கண்டிருக்கிறார்கள். அந்த அடுக்குகளில் ஒவ்வொன்றும், வந்திருக்க வேண்டிய சாவு வராமல் போன ஒரு நாள்.

இதைவிட யோசிக்கவைப்பது மருந்தின் கதை. ஸ்டாட்டின் மாத்திரை மாரடைப்பைக் குறைக்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் ஸ்டாட்டின் சாப்பிடுகிறவரின் கால்சியம் ஸ்கோர் சாப்பிடாதவருடையதைவிட வேகமாக ஏறலாம். படிவிலுள்ள கொழுப்பு வற்றி, தோல் தடித்து, அந்த இடம் சுண்ணாம்பாக இறுகுவதுதான் காரணம். இறுகிய படிவு எளிதில் கிழியாது. 2014 இல் மீசா ஆய்வாளர்களே இதன் இன்னொரு முகத்தைக் காட்டினார்கள்: சுண்ணாம்பின் அளவு கூடினால் அபாயம் கூடுகிறது; ஆனால் ஒரே அளவுக்கு, அடர்த்தி கூடினால் அபாயம் குறைகிறது. அகாட்ஸ்டன் கணக்கோ அடர்த்திக்கு அதிக மதிப்பெண் போடுகிறது. ஆபத்து குறையும்போதே எண் ஏறும்படியான ஓர் அளவுகோலை ஊழின் எழுத்து என்று எப்படிப் படிப்பது? மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரண்டாவது ஸ்கேனில் எண் கூடியிருப்பதைப் பார்த்து, எல்லாம் வீண் என்று மாத்திரையை நிறுத்துகிறவர், தன்னைக் காத்த செயலின் தடயத்தையே தன் சாவின் அறிவிப்பாகப் படித்துவிடுகிறார். படிவு பின்வாங்குவதும் உண்டு. 2016 இல் வந்த க்ளாகோவ் பரிசோதனையில் ஸ்டாட்டினோடு எவொலொகுமாப் ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய 64 சதவீதத்தினருக்கு 76 வாரங்களில் படிவு குறைந்தது. ஸ்டாட்டின் மட்டும் பெற்றவர்களிலும் 47 சதவீதத்தினருக்குக் குறைந்தது. சுருங்கிய அளவு சராசரியாக ஒரு சதவீதப் புள்ளிகூட இல்லை, மிகக் கொஞ்சம். இருந்தாலும் கோசாலரின் நூலுருண்டை திரும்பிச் சுற்றிக்கொள்ளும் என்று யாரும் சொன்னதில்லை. தமனி அதைச் செய்கிறது.

இங்கே முன்கணிப்பின் தன்மையையே கவனிக்க வேண்டியிருக்கிறது. கிரகணம் எப்போது என்று பஞ்சாங்கம் சொல்வதால் நிலா தன் பாதையை மாற்றிக்கொள்வதில்லை. தமனியைப் பற்றிய கணிப்போ, சொல்லப்பட்ட கணத்திலிருந்து தான் சொன்ன விஷயத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. விவிலியத்தில் யோனாவின் கதை இதை நன்றாகப் பிடித்துவைத்திருக்கிறது. நினிவே நகரம் நாற்பது நாளில் அழியும் என்று அறிவிக்க அவர் அனுப்பப்படுகிறார், நகரத்தார் மனம் திரும்புகிறார்கள், அழிவு வரவில்லை, தன் வாக்குப் பொய்த்துவிட்டதே என்று யோனா கோபித்துக்கொள்கிறார். நோயின் வளர்ச்சியைக் கணிக்கும் புள்ளியியலாளருக்கு இருக்கும் உண்மையான சிக்கலும் இதுவே. அபாயம் அதிகம் என்று குறிக்கப்பட்டவருக்கு மருந்து கொடுக்கிறார்கள், மருந்து அபாயத்தைக் குறைக்கிறது, கடைசியில் கணிப்பு தவறியதுபோல் தெரிகிறது. இன்று ஆயிரக்கணக்கான சிடி படங்களைக் கொடுத்துப் பயிற்றுவிக்கப்படும் செயற்கை நுண்ணறிவும் இதிலிருந்து தப்பவில்லை. அது கற்றுக்கொள்ளும் பழைய நோயாளிகளின் தமனிகளில் நோயின் போக்கோடு, அவர்கள் விழுங்கிய மாத்திரையும் விட்ட சிகரெட்டும் கலந்தே கிடக்கின்றன. படத்தைக் காண்பதே போக்கை மாற்றுகிறது என்பதற்கு ஸ்காட்லாந்தில் நடந்த ஸ்காட்-ஹார்ட் பரிசோதனை சாட்சி. நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு, மறுபாதிக்கு அதோடு சிடி ஆஞ்சியோகிராமும். ஐந்து வருடத்தில் இதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் முதல் குழுவில் 3.9 சதவீதம், இரண்டாவதில் 2.3 சதவீதம். ஸ்டென்ட் வைத்ததும் பைபாஸ் செய்ததும் ஐந்து வருடக் கணக்கில் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். வித்தியாசம் எங்கே என்றால், படம் எடுத்த பக்கத்தில் தடுப்பு மருந்துகள் அதிகம் பேருக்குத் தொடங்கப்பட்டன.

நியதிவாதி இதற்கெல்லாம் அசையமாட்டார். அவர் சொல்வார்: உங்களுக்குத் தெரியாததால்தான் நிபந்தனை என்கிறீர்கள், ஒவ்வோர் அணுவின் நிலையும் தெரிந்த அறிவு ஒன்று இருந்தால், லாப்லாஸ் 1814 இல் எழுதியதுபோல, அதற்கு எதிர்காலமும் நேற்றைப்போலக் கண்முன் நிற்கும், அந்த மனிதர் மருந்து சாப்பிடுவாரா மாட்டாரா என்பதும் அதில் அடக்கம். இந்த வாதம் பலமானது, அதை முழுதாகத் தோற்கடித்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். ஆனால் உலகம் முழுக்க நியதியின்படியே ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஆகவே நான் செய்வதற்கு எதுவும் இல்லை என்ற முடிவு அதிலிருந்து வராது. பிழைப்பது விதியென்றால் வைத்தியரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் பிழைப்பாய், ஆகவே கூப்பிடாதே என்ற வாதத்தைப் பழைய கிரேக்கர்கள் சோம்பேறி வாதம் என்றே அழைத்தார்கள். விதியில் முழு நம்பிக்கை வைத்திருந்த ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ் அதற்குச் சொன்ன விடையை சிசரோ பதிவுசெய்திருக்கிறார்: பிழைப்பது விதிக்கப்பட்டிருந்தால் வைத்தியரைக் கூப்பிடுவதும் அதோடு சேர்த்தே விதிக்கப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் கலீஃபா உமர் ஷாம் நாட்டுக்குப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேட்டுத் திரும்ப முடிவெடுத்தார். இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அவருடைய படைத்தளபதி அபூ உபைதா கேட்டார். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியை நோக்கிப் போகிறோம் என்ற கருத்தில் உமர் பதில் சொன்னதாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. விதியை மறுக்காத இரண்டு பேர், வெவ்வேறு உலகத்தில் நின்று, நோயை எதிரில் வைத்துக்கொண்டு ஒரே முடிவுக்கு வந்திருப்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. செயலை வெளியே நிறுத்திவிட்டு விதியைக் கணக்கிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. லாப்லாஸ் கற்பனை செய்த அறிவு கையில் இருப்பதுபோல நாம் பேசினாலும், நடைமுறையில் நமக்குக் கிடைப்பது ஒரு சதவீதம். சதவீதம் எப்போதும் ஒரு கூட்டத்துக்குச் சொந்தம், தனி ஆளுக்கு இல்லை. ஓர் ஆளை எந்தக் கூட்டத்தில் வைத்து எண்ணுவது என்ற சிக்கலை ஜான் வென் 1866 இலேயே எழுப்பிவிட்டார். ஐம்பது வயது ஆண், சர்க்கரை நோயாளி, அப்பாவுக்கு நாற்பத்தைந்தில் மாரடைப்பு, சிகரெட் தொட்டதில்லை, தினமும் நடக்கிறார். இதில் எந்த வரிசையில் அவரை நிறுத்துகிறோமோ அதற்கேற்ப அபாயம் மாறும். தமிழர்களுக்கு இது ஏட்டுச் சிக்கலாக நின்றுவிடவில்லை. மீசா ஆய்வில் வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர், சீன வம்சாவளியினர் என்று நான்கு பிரிவினர் இருந்தார்கள், தெற்காசியர் இல்லை. அந்தத் தரவிலிருந்து வந்த கணக்குக் கருவியில் சென்னைக்காரரோ யாழ்ப்பாணத்துக்காரரோ தன்னைப் பதிய ஒரு கட்டம் கிடையாது. தெற்காசியர்களுக்கு இதய நோய் இளவயதிலேயே வருகிறது என்பது தெரிந்திருந்தும் இந்தக் குறை நீண்டநாள் இருந்தது. அதை ஈடுகட்டவே 2010 இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியிலும் சிகாகோவிலும் 906 பேரோடு மசாலா என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். பிறருடைய கூட்டத்திலிருந்து எடுத்த எண்ணை நம்மேல் ஒட்டி அதைத் தலையெழுத்து என்று சொல்லிக்கொள்வது, கணக்கும் தெரியாத, ஊழும் தெரியாத பேச்சு.

அறியாமையே நிம்மதி என்ற மறுப்பை இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பின்னால் வெறும் பயம் மட்டும் இல்லை, தரவும் இருக்கிறது. டென்மார்க்கில் 65 முதல் 74 வயது வரையிலான 46,611 ஆண்களை வைத்து நடந்த டான்கவாஸ் பரிசோதனையில், ஒரு பகுதியினரை கால்சியம் ஸ்கேன் உள்ளிட்ட சோதனைகளுக்கு அழைத்தார்கள். ஐந்து வருடத்துக்குமேல் கழித்து, அழைக்கப்பட்டவர்களில் 12.6 சதவீதமும் அழைக்கப்படாதவர்களில் 13.1 சதவீதமும் இறந்திருந்தார்கள். புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. அறிவது தானாகவே காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல கடிவாளம். என் வாதத்துக்கும் இது இடைஞ்சலாகத் தோன்றலாம். எனக்கு இது துணையாகவே படுகிறது. அறிவு மட்டும் போதாது, அறிந்ததை அடுத்து வரும் செயல்தான் காரியம் என்கிறபோது, அந்தச் செயல் எப்படித் தூண்டப்படுகிறது என்பது முக்கியமாகிறது. ஸ்வீடனின் வெஸ்டர்பாட்டன் பகுதியில் விப்விசா என்ற பரிசோதனை இதையே எடுத்துக்கொண்டது. கழுத்துத் தமனிகளை அல்ட்ராசவுண்டில் பார்த்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் அவரவர் தமனியின் வயதையும் படிவையும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் படமாக அனுப்பினார்கள். பிறகு ஒரு நர்ஸ் போனில் பேசி, படம் புரிந்ததா, கேட்க ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். ஒரு வருடத்தில் அந்தப் பிரிவினரின் இதய அபாயக் கணக்கு மற்றவர்களுடையதைவிடக் குறைந்திருந்தது. இது எமன் ஓலை என்று காட்டாமல், இது உன் தமனி, இதைப் பற்றிப் பேசலாம் என்று காட்டினார்கள். அறிய விரும்பாதவரின் உரிமையை நான் மறுக்கவில்லை. எல்லோரும் ஸ்கேன் எடுத்தே தீரவேண்டும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் முடிவு எழுதப்பட்டுவிட்டது, அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை என்று ஒதுங்குகிறவர், இல்லாத ஒன்றுக்குப் பயப்படுகிறார்.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் மறுப்பு வேறு. செயலுக்கு இவ்வளவு பங்கு உண்டு என்றால் நோயும் செயலின் பலன்தானே, அப்படியென்றால் நோயாளியே குற்றவாளியா? வினைக் கொள்கை நம் ஊரில் அடிக்கடி இந்தக் கொடுமைக்குப் பயன்பட்டிருக்கிறது. இப்போது அந்த வேலையை உடல்நலப் பேச்சு எடுத்துக்கொண்டிருக்கிறது. மாரடைப்பு வந்து படுத்திருப்பவரிடம், என்ன தின்றாய், ஏன் நடக்கவில்லை என்று வரிசையில் நின்று கேட்கிறோம். படங்களே இதற்குப் பதில் சொல்கின்றன. எகிப்து, பெரு உட்பட நான்கு நிலப்பகுதிகளைச் சேர்ந்த 137 மம்மிகளை சிடியில் வைத்துப் பார்த்த ஹோரஸ் ஆய்வு, 2013 இல், அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குத் தமனிப் படிவு இருந்ததாகச் சொன்னது. சிகரெட்டும் பரோட்டாவும் இல்லாத காலத்து உடல்கள். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்தபோது முக்கால் பங்குக்கும் மேற்பட்டவர்களின் தமனிகளில் நோயின் தொடக்கம் இருந்தது. சராசரி வயது 22. பரம்பரையாக வரும் மிகைக் கொழுப்பும், லிப்போபுரோட்டீன்-ஏ அளவும் பிறக்கும்போதே கூட வருபவை. பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களில் 85 சதவீதத்தினரின் கால்சியம் ஸ்கோர் பூஜ்யம் என்று 2017 இல் தெரியவந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் நம்மைவிட மன உறுதி மிக்கவர்கள் என்று அதற்குப் பொருளாகாது. ஒரு சமூகம் முழுவதும் வாழும் விதம் அப்படி இருக்கிறது.

பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகன் என்ற நாடோடித் துறவி புத்தரிடம் இதையே கேட்கிறான். மனிதன் அனுபவிப்பது எல்லாமே முன்வினையின் பலன் என்று சிலர் சொல்கிறார்களே, சரியா? புத்தர் ஒப்புக்கொள்ளவில்லை. பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடிய கோளாறு, பருவ மாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, பிறர் தாக்குதல், முன்வினை என்று எட்டுக் காரணங்களை வைக்கிறார். முன்வினை எட்டில் ஒன்றுதான். மற்றவற்றை நாமே பார்த்து அறியலாம், உலகமும் அறியும் என்பது அவர் நிலைப்பாடு. நோயாளியின் கட்டிலருகே நிற்கும் யாருக்கும் இது நல்ல இலக்கணம். தமனியில் படிந்தது எப்படி வந்தது என்ற கேள்விக்கு மரபணுவும் ஊரும் தொழிலும் காற்றும் வறுமையும் சேர்ந்து பதில் சொல்லவேண்டியிருக்கும். தனி மனிதரின் பங்கு அதில் சிறியதாக இருக்கலாம். இனி என்ன என்ற கேள்வியில் அவருடைய பங்கு பெரிதாகிறது, அவரைச் சுற்றியிருப்பவர்களின் பங்கும் பெரிதாகிறது. மாத்திரை வாங்கித் தருவது யார், இரவுப் பணியை மாற்றித் தருவது யார், வீட்டில் சமையலை மாற்றுவது யார்? செயல் என்று சொல்லும்போது இவை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். நேற்றுக்குப் பழி சுமத்தாமல் நாளைக்குப் பொறுப்பு ஏற்க முடியும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்தது நம் பழக்கம்.

அறிக்கை எழுதும் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். கால்சியம் ஸ்கோருக்குக் கீழே இன்னும் இரண்டு வரி தமிழில் எழுதுங்கள்: இந்த எண் இதுவரை படிந்ததைக் காட்டுகிறது, மருந்து சாப்பிடும்போது இது ஏறினால் மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை, மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஸ்கேன் எடுக்கலாமா என்று யோசிக்கும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மருந்து தொடங்குவதா வேண்டாமா என்று உங்களுக்கும் மருத்துவருக்கும் முடிவு எட்டாத நிலையில்தான் இந்த ஸ்கேன் அதிகம் உதவும். மருந்து தேவை என்று ஏற்கனவே தெளிவாக இருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பூஜ்யம் வந்தால் அது நல்ல செய்திதான். ஆனால் இன்னும் சுண்ணாம்பாக மாறாத மென்மையான படிவு அந்த ஸ்கேனில் தெரியாது. சர்க்கரை நோய் உள்ளவர்களும், புகைப்பவர்களும், அப்பா அம்மா கூடப்பிறந்தவர்களுக்கு இளவயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தில் பிறந்தவர்களும் பூஜ்யத்தைப் பார்த்து மருத்துவர் சொன்ன மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.